பெரிய கேம்பரைச் சுமக்க டீசல் டிரக்கைத் தேர்ந்தெடுப்பது: எடையிலிருந்து தொடங்கும் முழுமையான வழிகாட்டி

இந்த வழிகாட்டி அமெரிக்காவிலும் கனடாவிலும் பிக்கப் டிரக்கின் முதுகில் ஏற்றிச் செல்லும் பெரிய கேம்பருக்கு, அதாவது படுக்கையும் சமையலறையும் கொண்ட பெட்டி வீட்டுக்கு உரியது. பின்னால் கொக்கி மாட்டி இழுக்கும் டிரெய்லருக்கு இதில் உள்ள கணக்குகள் பொருந்தா. இழுப்பது வேறு, சுமப்பது வேறு. விளம்பரங்கள் பெரிதாகக் காட்டும் இழுவைத் திறன், கேம்பரைச் சுமக்கப் போகிறவருக்கு ஏறக்குறைய எந்தப் பயனும் தராத எண்.

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் எஞ்சினிலிருந்து தொடங்குகிறார்கள். இன்றைய டீசல் எஞ்சின்களில் எதுவும் ஒரு கேம்பரின் எடைக்குத் திணறுவதில்லை. முதலில் எல்லையைத் தொடுவது பின் அச்சு, டயர், வண்டியின் மொத்த எடை வரம்பு ஆகியவைதான். எனவே கீழே உள்ள வரிசை கேம்பரின் எடையில் தொடங்குகிறது. எஞ்சின் ஆறாம் படியில்தான் வருகிறது. இந்த வரிசையை மாற்றாமல் பின்பற்றுங்கள்.

1. முன்கூட்டியே தேவைப்படுபவை

ஒரு நாட்குறிப்பு, அளவு நாடா, கைபேசிக் கேமரா ஆகியவை வேண்டும். நீங்கள் வாழும் பகுதியில் நெடுஞ்சாலை டிரக் நிறுத்தங்களில் எங்கே கேட் ஸ்கேல் (CAT Scale) நிறுவனத்தின் எடைமேடை இருக்கிறது என்பதையும் அறிந்து வையுங்கள். அது முன் அச்சு, பின் அச்சு ஆகியவற்றின் எடையைத் தனித்தனியே அச்சிட்டுத் தரும். மொத்த எடையை மட்டும் தரும் மேடைகள் இந்த வேலைக்குப் போதா.

ஓட்டுநர் உரிமத்தையும் பதிவு விதிகளையும் இப்போதே சரிபாருங்கள். ஒன்டாரியோவில் வழக்கமான ஜி வகை உரிமம் 11,000 கிலோ மொத்த எடை வரை செல்லும் என்பதால், அங்கே பெரிய பிக்கப்புகளுக்கு உரிமச் சிக்கல் எழுவதில்லை. மற்ற மாகாணங்களிலும் மாநிலங்களிலும் எல்லை வேறாக இருக்கலாம்.

2. முதலில் கேம்பர், பிறகே டிரக்

டிரக்கை முதலில் வாங்கிவிட்டு அதற்கேற்ற கேம்பரைத் தேடுவதுதான் மிக அதிகமாகக் காணப்படும் தவறு. விற்பனையாளர் "ஒரு டன் வண்டி, எதையும் சுமக்கும்" என்று சொல்வார். அதை நம்பி, பின் அச்சில் பக்கத்துக்கு ஒரு சக்கரமே உள்ள ஒற்றைப் பின்சக்கர வண்டியை வாங்கியவர், பிறகு தனக்குப் பிடித்த கேம்பர் எதையும் அதில் சட்டப்படி ஏற்ற முடியாது என்பதைக் கண்டு, சில மாதங்களிலேயே நட்டத்துக்கு விற்க நேரும். ஒரு டன், முக்கால் டன் என்பவை பழைய காலப் பெயர்கள். அவை இன்றைய சுமைத் திறனைக் குறிப்பதில்லை.

கேம்பரின் மாடலையும் அதில் உங்களுக்கு வேண்டிய கூடுதல் வசதிகளையும் முடிவு செய்த பிறகே அடுத்த படிக்குச் செல்லுங்கள். மூன்று சிலைட் அவுட் (நிறுத்தியபின் வெளியே நீளும் அறைப்பகுதி) கொண்ட ஹோஸ்ட் மேமத், ஈகிள் கேப் 1165 போன்றவை உங்கள் மனத்தில் இருந்தால், இரட்டைப் பின்சக்கர வண்டியைத் தவிர வேறெதையும் பார்க்க வேண்டியதில்லை என்பதை இப்போதே சொல்லிவிடலாம்.

3. கேம்பரின் உண்மையான எடையைக் கணக்கிடுதல்

விளம்பரத் தாளில் இருக்கும் வெற்று எடை என்பது தண்ணீர், எரிவாயு, பொருட்கள் எதுவுமின்றி, பல நேரங்களில் கூடுதல் வசதிகளும் இன்றிக் கணக்கிட்டது. அந்த நிலையில் யாரும் பயணம் செய்வதில்லை. ஆகவே அதை ஒரு தொடக்கப் புள்ளியாக மட்டும் கொள்ளுங்கள்.

அமெரிக்கக் கூட்டாட்சி விதிகளின்படி, பெட்டில் (டிரக்கின் பின்புறச் சரக்குத் தளத்தில்) ஏற்றும் வகைக் கேம்பர் ஒவ்வொன்றிலும் எடைச் சான்று ஒட்டுத்தாள் இருக்க வேண்டும். குறிப்பிட்ட அளவு தண்ணீரும் எரிவாயுவும் அடங்கிய நிலையில் கேம்பரின் எடை எவ்வளவு என்று அது சொல்லும். விளம்பரத் தாளைவிட இதுவே நம்பத்தக்கது. ஆயினும் விற்பனையாளர் பின்னர் பொருத்திய ஜெனரேட்டர், இரண்டாம் பேட்டரி, சூரியத் தகடு போன்றவை இதில் சேர்ந்திரா.

ஒரு மாதிரிக் கணக்கைப் பாருங்கள். எண்கள் எடுத்துக்காட்டுக்கானவை, உங்கள் எண்களை அதே வரிசையில் இட்டுக்கொள்ளலாம்.

வெற்று எடை 4,000 பவுண்டு. ஜெனரேட்டர், குளிர்சாதனம், பேட்டரி, வெயில் மறைப்பு ஆகியவற்றுக்கு 350. நல்ல தண்ணீர் 60 காலன். ஒரு அமெரிக்கக் காலன் தண்ணீரின் எடை 8.34 பவுண்டு என்பதால் இது 500. வெந்நீர்க் கலனில் உள்ள 6 காலனுக்கு 50. இருபது பவுண்டு எரிவாயு உருளைகள் இரண்டுக்கு, உருளையின் எடையையும் சேர்த்து, 75. கட்டும் சங்கிலிகள், இறுக்கிகள், ரப்பர் விரிப்பு ஆகியவற்றுக்கு 150. உணவு, உடை, பாத்திரம், கருவிகள், நாற்காலிகள் ஆகியவற்றுக்கு 500. இவற்றின் கூட்டுத்தொகை 5,625. இதனுடன் வண்டியில் அமரும் இருவருக்கு 350 பவுண்டு சேர்த்தால் 5,975 ஆகிறது.

4,000 என்று தொடங்கிய எண் ஏறத்தாழ 6,000 ஆகிவிட்டதைக் கவனியுங்கள். புதியவர்கள் இந்த இரண்டாயிரத்தைத்தான் தவறவிடுகிறார்கள். "தண்ணீரைக் காலியாக வைத்து ஓட்டிக்கொள்கிறேன்" என்பது பலர் சொல்லும் சமாதானம். மின்சாரமும் குழாயும் இல்லாத காட்டுப் பகுதியில் தங்குவதற்காகவே கேம்பரை வாங்குகிறவர்கள், அங்கே செல்லும்போது தண்ணீரை நிரப்பியே ஆக வேண்டும். திரும்பும்போது அதே எடை கழிவுநீர்க் கலன்களில் இருக்கும். முழுக் கலனையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

4. டிரக்கின் கதவோர ஒட்டுத்தாள்களைப் படித்தல்

ஓட்டுநர் கதவைத் திறந்தால் கதவுச் சட்டத்தில் இரண்டு ஒட்டுத்தாள்கள் இருக்கும். ஒன்றில் ஜிவிடபிள்யூஆர் எனப்படும் அதிகபட்ச மொத்த எடையும், முன் பின் அச்சுகள் தாங்கும் எடையும் இருக்கும். டயர் பற்றிய மற்றொன்றில், பயணிகளும் சரக்கும் சேர்ந்து இவ்வளவைத் தாண்டக் கூடாது என்ற எண் இருக்கும். அந்த எண்தான் அந்த ஒரு வண்டிக்கு உரிய பேலோட். அதே மாடல், அதே ஆண்டு, அதே நிறத்தில் அருகில் நிற்கும் வண்டிக்கு அது பல நூறு பவுண்டு மாறக்கூடும். ஏனெனில் இருக்கை, கூரைச் சாளரம், படிக்கட்டுப் பலகை என ஒவ்வொரு வசதியும் பேலோடைக் குறைக்கிறது. இணையப் பட்டியலில் காணும் "அதிகபட்ச பேலோட்" எண் ஒரே வரிசை இருக்கையுள்ள ஒற்றை கேபின், பெட்ரோல் எஞ்சின், இரு சக்கர இயக்கம் கொண்ட மிக எளிய வண்டிக்கு உரியது.

இரண்டாம் ஒட்டுத்தாளைச் சட்டம் கட்டாயமாக்குவது 10,000 பவுண்டு வரையிலான வண்டிகளுக்கு மட்டுமே. ஆகவே பெரிய வண்டிகள் சிலவற்றில் பேலோட் எண் அங்கே இல்லாமல் போகலாம். புதிய செவ்ரோலே சில்வராடோ 3500எச்டி, ஜிஎம்சி சியரா ஆகியவற்றில் அந்த வண்டிக்கு மட்டும் உரிய எடை விவரங்களைத் தரும் டிரெய்லரிங் ஒட்டுத்தாள் தனியே உண்டு. கையுறைப் பெட்டியில் இருக்கும் கேம்பர் ஏற்றுதல் குறித்த தாளையும் கேட்டு வாங்குங்கள். எந்தத் தாளும் இல்லாத பழைய வண்டியானால், ஜிவிடபிள்யூஆரிலிருந்து எடைமேடையில் கிடைக்கும் காலி எடையைக் கழிப்பதே வழி.

வண்டியைப் பார்க்கச் செல்வதற்கு முன்பே இந்த ஒட்டுத்தாள்களின் படத்தை அனுப்பும்படி கேளுங்கள். அனுப்ப மறுப்பவரிடம் நேரத்தைச் செலவிட வேண்டாம்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கே தீர்த்துக்கொள்ளலாம். ஸ்பிரிங்குக்குத் துணையாகக் காற்றுப் பைகளோ கூடுதல் பட்டைகளோ பொருத்தினால் வண்டி நிமிர்ந்து நிற்கும், ஆட்டம் குறையும். ஆனால் ஜிவிடபிள்யூஆர் ஒரு பவுண்டுகூட உயராது. பிரேக்கும் சக்கரமும் அச்சின் பேரிங்கும் பழையபடியே இருக்கின்றன. வரம்புக்குள் இருக்கும் வண்டியைச் செம்மைப்படுத்தவே அவற்றைப் பொருத்த வேண்டும். வரம்பைத் தாண்டியதை மறைப்பதற்கு அல்ல.

5. ஒற்றைப் பின்சக்கரமா, இரட்டையா

இரட்டை கேபின், நான்கு சக்கர இயக்கம், டீசல் எஞ்சின் ஆகிய மூன்றும் கொண்ட, முக்கால் டன் என்று அழைக்கப்படும் 2500 வகை வண்டியின் மொத்த வரம்பு 10,000 பவுண்டை ஒட்டி இருக்கும். காலி எடையே 7,500 பவுண்டைத் தாண்டிவிடுவதால் பேலோட் இரண்டாயிரத்துச் சொச்சம்தான் மிஞ்சும். பெரிய கேம்பருக்கு இந்த வகையை முற்றிலும் ஒதுக்கிவிடுங்கள். ராம் 2500இல் பின்புறம் சுருள் ஸ்பிரிங் இருப்பதும், 3500இல் கனமான சுமைக்கு ஏற்ற பட்டை ஸ்பிரிங் இருப்பதும் கூடுதல் காரணம்.

ஒற்றைப் பின்சக்கர 3500 அல்லது எஃப்-350 டீசல் வண்டிகளின் பேலோட் பெரும்பாலும் 4,000 பவுண்டை ஒட்டியே அமையும். சிலைட் அவுட் இல்லாத நடுத்தரக் கேம்பருக்கு இது பொருந்தலாம்.

டூயலி எனப்படும் இரட்டைப் பின்சக்கர வண்டிகளில் ஃபோர்டு, ராம், ஜிஎம் மூன்றிலும் மொத்த வரம்பு 14,000 பவுண்டு வரை செல்கிறது. காலி எடை 8,400 என்று கொண்டால் 5,600 மிஞ்சும். மேலே நாம் கணக்கிட்ட 5,975ஐ இதுகூடத் தாங்கவில்லை என்பதைப் பாருங்கள்.

அப்படியானால் என்ன செய்வது? கேம்பரைச் சற்று இலேசானதாக மாற்றலாம். நான்கு சக்கர இயக்கத்தையோ இரட்டை கேபினையோ விட்டுக்கொடுக்கலாம். பெட்ரோல் எஞ்சினுக்கு மாறலாம். டீசல் எஞ்சின் பல நூறு பவுண்டு கூடுதல் எடை கொண்டது என்பதால், அந்த மாற்றமே இடைவெளியை நிரப்பிவிடக்கூடும். இவை எதுவும் ஏற்கத்தக்கதாக இல்லை என்றால், எஃப்-550 அல்லது ராம் 5500 போன்ற, கேபினும் சட்டமும் மட்டும் கொண்டு பெட் இல்லாமல் வரும் சேசிஸ் கேப் வண்டியில் தட்டையான தளத்தைப் பொருத்திக் கேம்பரை ஏற்ற வேண்டும். அவற்றின் வரம்பு 19,500 பவுண்டு வரை உண்டு.

எஃப்-450 பிக்கப்பை இதற்கு விடையாகப் பலர் நினைக்கிறார்கள். அதன் வரம்பும் அதே 14,000தான். அகலமான முன் அச்சும் 19.5 அங்குலச் சக்கரங்களும் கொண்ட அதன் காலி எடையும் கூடுதல் என்பதால், அதன் பேலோட் இரட்டைச் சக்கர எஃப்-350ஐவிடக் குறையவும் கூடும். குறுகிய வளைவில் எளிதாகத் திரும்புவது அதன் உண்மையான நன்மை. அதற்காக வாங்கலாம், கூடுதல் சுமைக்காக வாங்கக் கூடாது.

6. எஞ்சின்

இங்கே நீண்ட நேரம் செலவிட வேண்டியதில்லை. ஃபோர்டின் 6.7 லிட்டர் பவர் ஸ்ட்ரோக், ராமின் 6.7 லிட்டர் கம்மின்ஸ், ஜிஎம்மின் 6.6 லிட்டர் டுராமேக்ஸ் ஆகிய மூன்றும் இந்தச் சுமைக்குத் தேவையானதைவிட அதிகத் திறன் கொண்டவை. உயர்திறன் பதிப்புக்குக் கூடுதல் பணம் கொடுப்பது, கேம்பரோடு கனமான படகையோ டிரெய்லரையோ இழுக்கப் போகிறவருக்கு மட்டுமே பொருளுடையது.

டீசலைத் தேர்ந்தெடுக்க நல்ல காரணம் ஏற்றத்தைவிட இறக்கத்தில்தான் இருக்கிறது. ராக்கி மலைகளின் நீண்ட சரிவுகளில், எஞ்சினின் புகைவழியைக் கட்டுப்படுத்தி இயங்கும் எக்சாஸ்ட் பிரேக் வண்டியின் வேகத்தைப் பிடித்து வைப்பதால், சக்கர பிரேக்குகள் சூடாகித் தளர்வது பெரிதும் தவிர்க்கப்படுகிறது. ஏழு டன்னுக்கு நெருக்கமான வண்டியை அப்படி இறக்குபவருக்கு அது பெரிய நிம்மதி.

இதற்கு எதிரான காரணங்களும் உண்டு. 2007க்குப் பிந்தைய டீசல் பிக்கப்புகளில் புகைத்துகள் வடிகட்டி இருக்கிறது. ஆண்டின் பெரும்பகுதி நகருக்குள் குறுகிய தூரமே ஓட்டுபவரின் வண்டியில் அது அடைத்துக்கொள்ளும். வடிகட்டி தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ள நீண்ட, சூடான ஓட்டம் தேவை. இவ்வண்டிகளுக்கு 15 பிபிஎம் (பத்து லட்சத்தில் 15 பங்கு) அளவுக்குள் கந்தகம் உள்ள டீசலே வேண்டும் என்பதால், மெக்சிகோவைக் கடந்து தெற்கே செல்லத் திட்டமிடுபவர்கள் வழியில் கிடைக்கும் எரிபொருளை முன்கூட்டியே விசாரிக்க வேண்டும்.

7. கேபின், பெட், உயரம்

எட்டு அடி பெட் கொண்ட வண்டியையே எடுங்கள். பெரிய கேம்பர்களின் தரை நீளம் பதினொன்றரை அடி வரை செல்கிறது. குட்டை பெட்டில் அவற்றின் எடை பின் அச்சைத் தாண்டித் தொங்கும். இதன் விளைவை அடுத்த படியில் எண்ணால் காட்டுகிறேன்.

இரட்டைச் சக்கர வண்டியின் பின்புற அகலம் ஏறத்தாழ எட்டு அடி. கேம்பரின் தூக்கிக் கால்கள் அந்த அகலத்துக்கு வெளியே நிற்கும்படி விரிப்பு இணைப்புகள் உள்ளனவா என்று பாருங்கள். பழைய கேம்பரை வாங்குபவர்கள் இதை மறந்து, வண்டியைக் கேம்பருக்கு அடியில் செலுத்த முடியாமல் நிற்பதைப் பல முறை கண்டிருக்கிறேன்.

புதிய டிரக்குகளின் பெட் பக்கச் சுவர்களும் கேபின் கூரையும் முன்பைவிட உயரமானவை. பெட் தரையிலிருந்து பக்கச் சுவரின் மேல்விளிம்பு வரையும், தரையிலிருந்து கேபின் கூரை வரையும் அளந்து, கேம்பர் நிறுவனத்தின் வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். இடைவெளி போதவில்லை என்றால் கேம்பருக்கு அடியில் உறுதியான மேடை அமைக்க வேண்டும். அதற்கும் எடை உண்டு.

8. எடை மையத்தைச் சரிபார்த்தல்

கேம்பரின் பக்கத்தில் எடை மையத்தைக் காட்டும் குறி இருக்கும். கேம்பரை ஏற்றியபின் அந்தக் குறி பின் அச்சுக்கு முன்னால், டிரக் நிறுவனம் தரும் பகுதிக்குள் விழ வேண்டும். எடை எல்லைக்குள் இருந்தும் இது தவறினால் அந்த டிரக்கும் கேம்பரும் ஒன்றுக்கொன்று பொருந்தா.

காரணம் எளிய கணக்கு. இரட்டை கேபினும் எட்டு அடி பெட்டும் கொண்ட ஃபோர்டில் அச்சுகளுக்கு இடையிலான தூரம் 176 அங்குலம். 5,600 பவுண்டுக் கேம்பரின் எடை மையம் பின் அச்சுக்கு 6 அங்குலம் முன்னால் இருந்தால், முன் அச்சுக்குச் செல்லும் பங்கு 6ஐ 176ஆல் வகுத்த அளவு, அதாவது 190 பவுண்டுதான். மீதம் 5,410 பவுண்டு முழுவதும் பின் அச்சில் இறங்குகிறது. அதே மையம் 6 அங்குலம் பின்னால் விழுந்தால், பின் அச்சில் 5,790 பவுண்டு ஏறுவதோடு, முன் சக்கரங்களிலிருந்து 190 பவுண்டு குறைந்தும்விடும். ஸ்டியரிங் இலேசாகி, ஈரச் சாலையில் பிடிமானம் குறைவது இதனால்தான்.

9. டயர்

ஒட்டுத்தாளில் உள்ள அச்சு வரம்பை டயர்கள் தாங்குகின்றனவா என்று தனியே பாருங்கள். டயரின் பக்கவாட்டில் உள்ள சுமைக் குறியெண் 125 என்றால் ஒரு டயர் 1,650 கிலோ தாங்கும். ஒற்றைச் சக்கர வண்டியில் பின் டயர்கள் இரண்டும் சேர்ந்து 3,300 கிலோ, அதாவது 7,275 பவுண்டு. டயரில் அந்தச் சுமைக்கு உரிய காற்றழுத்தம் இருந்தால் மட்டுமே இது பொருந்தும். டூயலி டயர்களில் இரண்டு குறியெண்கள் இருக்கும். இரட்டையாகப் பொருத்தும்போது சிறிய எண்ணே செல்லும்.

முந்தைய உரிமையாளர் தோற்றத்துக்காக மாற்றிய அகலச் சக்கரங்களும் கரடுமுரடான டயர்களும் உள்ள பழைய வண்டிகளில் இதைக் கண்டிப்பாகப் பார்க்க வேண்டும். அவற்றின் தாங்கும் திறன் நிறுவனம் பொருத்தியதைவிடக் குறைவாக இருப்பது வழக்கம்.

10. பழைய வண்டியானால்

புகை வடிகட்டியையும் அதைச் சார்ந்த கருவிகளையும் அகற்றிய வண்டியை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். அமெரிக்காவில் அது தூய காற்றுச் சட்டத்துக்கு எதிரானது. புகைச் சோதனை கட்டாயமாக உள்ள மாநிலத்தில் அதைப் பதிவு செய்ய முடியாது.

வண்டியின் அடையாள எண்ணை அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பான என்ஹெச்டிஎஸ்ஏவின் தளத்தில் இட்டு, நிலுவையில் உள்ள திரும்பப் பெறுதல்களைப் பாருங்கள். குறிப்பாக சிபி4 வகை உயரழுத்த எரிபொருள் பம்ப் உள்ள ஆண்டுகளைத் தெரிந்து வையுங்கள். அந்தப் பம்ப் உள்ளே தேய்ந்து உடைந்தால் உலோகத் துகள்கள் எரிபொருள் அமைப்பு முழுவதும் பரவி, இன்ஜெக்டர்களையும் சேர்த்து மாற்ற நேரும். 2011 முதல் 2016 வரையிலான டுராமேக்ஸிலும், 2019, 2020 ஆண்டு கம்மின்ஸிலும் அது இருந்தது. ராம் நிறுவனம் அவ்விரு ஆண்டு வண்டிகளைத் திரும்ப அழைத்தது. திருத்தம் செய்ததற்கான தாளைக் கேளுங்கள்.

11. பணம் கொடுக்கும் முன் காலி எடை

எரிபொருள் கலன் நிரம்பிய நிலையில், ஓட்டுநர் மட்டும் அமர்ந்து, வண்டியை எடைமேடையில் ஏற்றுங்கள். ஓட்டுநரின் எடையைக் கழித்தபின் கிடைக்கும் எண்ணை ஜிவிடபிள்யூஆரிலிருந்து கழித்தால் உண்மையான பேலோட் கிடைக்கும். ஒட்டுத்தாள் வண்டி தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நாளுக்கு உரியது. அதற்குப் பின் பொருத்திய கருவிப் பெட்டி, பெட் பூச்சு, கனமான பம்பர் எதுவும் அதற்குத் தெரியாது. பின் அச்சின் காலி எடையையும் குறித்துக்கொண்டு, எட்டாம் படியில் கிடைத்த பின் அச்சுப் பங்கை அதனுடன் கூட்டி, அச்சு வரம்போடு ஒப்பிடுங்கள். மொத்தம், பின் அச்சு, டயர் ஆகிய மூன்றும் வரம்புக்குள் இருந்தால் மட்டுமே பணம் கொடுங்கள். மூன்றில் ஒன்று தவறினாலும் அடுத்த வண்டியைப் பார்ப்பதே சரி.

எந்த அளவு இடைவெளி மிஞ்ச வேண்டும் என்று கேட்டால், குறைந்தது 300 பவுண்டாவது என்பேன். பயணிகளின் பொருட்கள் ஆண்டுதோறும் கூடுமே தவிரக் குறைவதில்லை.

12. கட்டுவதும் மறுபடி எடை பார்ப்பதும்

கேம்பரைப் பெட்டின் பக்கச் சுவரோடு கட்டும் இணைப்புகளைவிட, டிரக்கின் சட்டத்தில் நேரடியாகப் பொருத்தும் இணைப்புகளையே தேர்ந்தெடுங்கள். 2017 முதல் ஃபோர்டு சூப்பர் டூட்டியின் உடல் அலுமினியத்தால் ஆனது. அத்தகைய மெல்லிய தகடுகளில் சுமை இழுவை விழக் கூடாது. பெட்டில் ரப்பர் விரிப்பு இருந்தால் கேம்பர் நழுவுவது குறையும்.

கேம்பரை ஏற்றி, தண்ணீர், எரிவாயு, பொருட்கள் அனைத்தையும் நிரப்பி, குடும்பத்தார் அனைவரும் அமர்ந்த நிலையில் மறுபடியும் அதே எடைமேடைக்குச் செல்லுங்கள். இரண்டு தாள்களையும் அருகருகே வைத்தால், முன் அச்சின் எடை கூடியதா குறைந்ததா என்பது உடனே தெரியும். குறைந்திருந்தால் எடை மையம் பின்னால் விழுந்திருக்கிறது. கனமான பொருட்களைக் கேம்பரின் முன்பகுதிக்கோ டிரக்கின் பின்இருக்கைக்கோ மாற்றி மீண்டும் பாருங்கள். ஒவ்வொரு அச்சிலும் விழும் எடைக்கேற்ற டயர் அழுத்தத்தையும் இந்தத் தாளைக் கொண்டு, டயர் நிறுவனத்தின் சுமை அட்டவணையிலிருந்து முடிவு செய்யலாம்.

அதே நிலையில் கேம்பரின் மிக உயர்ந்த புள்ளியை, பெரும்பாலும் குளிர்சாதனப் பெட்டியின் மேல்மூடியை, தரையிலிருந்து அளந்து, அந்த எண்ணை ஓட்டுநர் கண்ணில் படும்படி ஒட்டிவையுங்கள். பெரிய கேம்பர்கள் டிரக்கின் மேல் பன்னிரண்டு அடியைத் தாண்டுவதால், மரக்கிளை, எரிபொருள் நிலையக் கூரை, தாழ்ந்த பாலம் ஆகிய மூன்றுக்கும் அந்த எண் தேவைப்படும்.